இரண்டு வாசலுக்கு நடுவில் ஒரு மேடு

தூய்மை நாளுக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை முந்திவந்து பிடித்திருக்கும் மூத்தோர்களே, கையுறையைக் கழற்றக்கூட நேரமின்றி வந்தமர்ந்த தாய்மார்களே, துடைப்பத்தைத் தோளில் சாய்த்திருக்கும் தோழர்களே, இந்தத் தெருவின் தையற்காரன் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

குடும்பத்தோடு குப்பை அள்ளுவோம் என்று கூவியவன் யார்? நான். அவரவர் குப்பையை அவரவர் குடும்பமே அள்ளவேண்டும் என்று சட்டம் போட்டவன் யார்? அந்தப் புண்ணியவானும் நான்தான். ஒன்பது மணிக்குள் தெரு பளபளத்தது. மிஞ்சியது ஒரே ஒரு மேடு. என் வாசலுக்கும் என் மச்சான் வாசலுக்கும் நடுவே நான்காண்டுகளாக நிமிர்ந்து நின்ற மேடு. அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தேன்: இடுப்பு தொண்ணூற்றாறு அங்குலம். சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் இடுப்பளவும் என் நோட்டில் இருக்கிறது.

அது யாருடைய குப்பை? "அவங்க வீட்டுது" என்றேன் நான். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணனான தபால்காரர், வாய் திறக்கவில்லை. விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார். அவர் என்னோடு பேசி நான்காண்டுகள். அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் தூது போயே தேய்ந்துபோனவள் என் மனைவி. அவள்தான் சொன்னாள்: "முதல்ல யார் போட்டாங்கன்னு தோண்டிப் பார்த்துட்டா போச்சு."

தோண்டினோம். தலைவர் அவர்களே சாட்சி. மேலடுக்கில் மச்சான் வீட்டு முட்டை ஓடு, அகம் மகிழ்ந்தேன். அதன் கீழே என் கடை வெட்டுத்துணி. காற்று கொண்டுவந்தது என்றேன். மூன்று மூட்டைத் துணியைக் கொண்டுவந்தது எந்தத் திசைக் காற்று என்று தலைவர் கேட்டார்; மேற்கொண்டு தோண்டுங்கள் என்றேன். அடியில் கிடைத்தது என்ன? பொன்னா? புதையலா? மூன்று கால் நாற்காலி. அதன்மேல் பூப்போட்ட உறை. என் தையல் எனக்குத் தெரியாதா?

அவையோரே, நான்காண்டுக்கு முன் என் வீட்டில் அந்த நாற்காலி முறிந்து மச்சான் விழுந்தார். தூக்கிவிட வேண்டிய நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். போதாதென்று, உடைத்தவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் வாசலோரம் கொண்டுபோய் வைத்தேன். நான் மறந்தேன், அவர் மறக்கவில்லை. கூனிக் குறுகிப்போய்ச் சாக்கைத் தூக்கினேன்.

"மொத்தமும் என் குப்பைதான். நானே அள்றேன்."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"எங்க வீட்டு முட்டை ஓட்டுல கை வைக்காதீங்க, மாப்பிள்ளை."

நான் அள்ளி நிரப்பிய சாக்கை அவர் ஒரு பக்கம் இழுத்தார். நான் ஒரு பக்கம் இழுத்தேன். சாக்கு கிழிந்தது. நான்காண்டுக் குப்பையும் நாற்பது வீட்டு வாசலுக்கும் பறந்தது. என் மனைவி நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

கேட்கிறேன், உன் குப்பை உன் குப்பை என்று விரல் நீட்டியே எந்தத் தெரு விடிந்தது? என் குப்பை என்று சண்டை போடுங்கள். என்னுடையது என்று இழுங்கள். சாக்கு கிழிந்தால் கிழியட்டும், நான் தைத்துத் தருகிறேன்.

மறுபடியும் தெருவைப் பெருக்கிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. மேடைக்குக் கீழே மச்சான் என்னைத் திட்டக் காத்திருக்கிறார். நான்காண்டு பாக்கி, நின்று கேட்டுவிட்டு வருகிறேன். வணக்கம்.