பினாங்கில் பொரித்த பரோட்டா

விருதுநகர் பஸ்ஸில், திருத்தங்கலில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில், பினாங்கில் மகளைப் பார்த்துவிட்டு வந்தவர் ஆரம்பித்தார்.

"அம்புட்டுத் தூரம் போயி, ஓட்டல் அடுப்படிக்குள்ள நின்னு பரோட்டா பொரிச்சேன், மதினி."

"சாப்பிடப் போன ஓட்டல்லயா?"

"ஆமா. புருசன், பொண்டாட்டி, பிள்ளைகன்னு குடும்பமா நடத்துறாக. தங்கமான சனம். ஆனா பரோட்டாவக் கல்லுல சுட்டதோட எடுத்துருறாக. 'எங்க விருதுநகர்ல எண்ணெய்ல பொரிப்போம்'னேன். 'வந்து செஞ்சு காட்டுங்க'ன்னுட்டாக."

"செஞ்சியா?"

"மொறுமொறுன்னு வந்துச்சு. இப்ப கடை போர்டுலயே 'விருதுநகர் பரோட்டா'ன்னு எழுதிட்டாக. மக போட்டோ அனுப்பியிருக்கா, பாருங்க."

"நீ வீட்டுல ஒருநாளும் பரோட்டா போட்டதில்லையே?"

"போட்டதில்ல. நம்மூரு பரோட்டாக் கடையில பார்சலுக்கு நின்ன இருவது வருசமும் மாஸ்டர் கையத்தான பாத்துக்கிட்டு நின்னேன்."