பிரோச்சி விடுதியின் பதினேழாம் அறை

நுன்சீ, இங்கே உட்கார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

(வாக்குமூலம் தருபவர் முதலில் மேற்கண்டவாறு, இறந்துபோன தம் கணவரைச் செல்லப்பெயர் சொல்லி அழைத்தார். அதையும் எழுதினால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்றதால் எழுதப்பட்டது. — தலைமைக் காவலர் எ. வலந்தீனி, ஒர்வியேத்தோ.)

என் பெயர் தொனாத்தா சிரில்யானோ. வயது அறுபத்தொன்று. பொலிகோரோவில், கடலுக்குப் போகும் சாலையில் குடியிருக்கிறேன். நுன்சியோ லவியோலாவின் மனைவி. “காலஞ்சென்ற” என்று நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள், நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தட்டில் அடுக்கும் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்திலும் காலை வைத்ததில்லை.

இன்று, பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பிரோச்சி விடுதியின் முன்கூடத்தில், விடுதிக்காரர் ஒஸ்வால்தோ பிரோச்சியைப் பித்தளைக் குண்டு மாட்டிய சாவியால் நெற்றியில் அடித்தேன். நான்கு தையல் என்கிறீர்கள். இருக்கட்டும். அடித்ததை மறுக்கவில்லை. அந்த அறையின் எண்ணை மாற்றியது யார், அந்த அறைக்குள் என்னையும் என் வீட்டுக்காரரையும் படுக்க வைத்தது யார், இதற்குப் பதிலும் பதிவாக வேண்டும் என்றுதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பாசன வாரியத்தில் பம்பு பழுதுபார்ப்பவராக முப்பத்தொன்பது வருடம் இருந்து, போன நவம்பரில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுநாளே ஒர்வியேத்தோவுக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தார். இங்கே மலைமேல் இருக்கும் அந்தப் பழைய ஆழ்கிணற்றைப் பார்க்க வேண்டும், மோட்டார் இல்லாத காலத்தில் கழுதையை விட்டு எப்படித் தண்ணீர் ஏற்றினார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. நாங்கள் கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருடத்தில் ஒரு விடுதியிலும் தங்கியதில்லை. கல்யாணம் முடிந்து தூரினில் நாத்தனார் வீட்டுச் சமையலறையில் மடக்குக் கட்டிலில் படுத்ததுதான் எங்கள் தேன்நிலவு.

அதன் பிறகு டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் தங்கை மகள் ரொசாங்கெலா தன் போனில் விடுதிகளைக் காட்டுவாள், இவர் சீட்டில் குறித்துக்கொள்வார். ஒன்றில் குளியலறை நடைவழியில் இருந்தது. ஒன்று மலையடிவாரத்தில், ரயில் நிலையத்தின் பக்கம் இருந்தது; மேலே ஏறும் கேபிள் வண்டிக்குத் தினமும் இரண்டு தடவை சீட்டு வாங்கினால் மலிவு எங்கே என்று கேட்டார். இன்னொன்று கன்னியர் மடம், மலிவுதான், ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கட்டில். “முப்பத்தாறு வருஷம் உன் குறட்டையைக் கேட்டுட்டு, இப்பப் போய் மதர் சுப்பீரியருக்குப் பயந்து தனியாப் படுக்கணுமா?” என்று சொல்லிச் சீட்டில் அதையும் அடித்துவிட்டார்.

கடைசியில் பிரோச்சி விடுதி. இரண்டாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் கோயிலின் பக்கச் சுவர், வெள்ளை ஒரு வரி, கறுப்பு ஒரு வரி. மற்ற அறைகள் ஐம்பத்தைந்து யூரோ, இது மட்டும் முப்பத்தெட்டு. ஏன் மலிவு என்று ரொசாங்கெலா கேட்டாள். இவர் சிரித்தார். அறை எண் பதினேழு, நம் நாட்டில் யாருக்கும் ஆகாத எண்.

நான் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த எண்ணில் கட்டில் கிடையாது. என் கொட்டகையில் பதினேழாவது தட்டை எண்ணாமல் பதினாறுக்கு அடுத்துப் பதினெட்டு என்றுதான் சொல்வோம், மேஸ்திரியும் அப்படித்தான் எழுதுவார். “அதுல படுக்குறதுக்கு ஸ்டேஷன் பெஞ்சுல படுத்துக்குவேன், நுன்சீ” என்றேன். “நம்ம நாட்டுக்காரன் எல்லாம் உன்னை மாதிரி இருக்குறதாலதான்டி நமக்கு அந்த ஜன்னல் கிடைக்குது. உன் சாதிக்கு ஒரு கும்பிடு” என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் கொட்டகையின் கழிப்பறையில் நின்றுகொண்டு, இவருக்குத் தெரியாமல், பிரோச்சிக்கு நானே போன் செய்தேன். வேறு அறை கொடுங்கள், அதே ஜன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வித்தியாசத்தை நான் என் கையிலிருந்து தருகிறேன் என்று சொன்னேன். “கவலையே படாதீங்கம்மா. உங்களுக்குப் பதினேழு கிடையாது. நானாச்சு” என்றார். இந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். நானாச்சு என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் பயணம் கூடாது என்பதால் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை புறப்பட்டோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, எண்ணெயில் பொரித்த வற்றல் மிளகாய் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். மாலை நான்கு மணிக்கு விடுதி வாசலில் இறங்கியதும் என் வீட்டுக்காரர், “நீ போய்க் கோயில் முகப்பைப் பாரு, வெயில் அதுமேல விழுற நேரம் இதுதான். நான் பெட்டியை மேல வெச்சிட்டு வர்றேன்” என்றார். நான் காற்றில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அதன் பிறகு மேலே போனபோது கதவுகளில் வரிசையாகப் பதினாறு, பதினாறு-அ, பதினெட்டு என்று இருந்தது. எங்களுடையது பதினாறு-அ. அந்தப் பதினேழு எங்கே என்று கேட்டேன். “நேர் மேல. எவனோ ஒரு ஜெர்மன்காரன் படுத்திருக்கான். அவங்க ஊர்ல பதிமூணுதான் ஆகாதாம்” என்றார். ஜன்னலைத் திறந்தேன், கோடு போட்ட சுவர் தெரிந்தது. மனதுக்குள் பிரோச்சிக்கு நன்றி சொன்னேன்.

சாவியை என்னிடம் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. கனமாக இருக்கிறது, உன் கைப்பையைக் கிழித்துவிடும் என்று தன் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கிணற்றுக்குப் போனோம். இருநூற்று நாற்பத்தெட்டுப் படி இறங்கி, அதே அளவு ஏறினோம். கீழே அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மேலே வந்ததும் அவர் உதடு வெளுத்திருந்தது. நான் கேட்டேன். “கழுதையே ஏறியிருக்கு, நான் ஏற மாட்டனா?” என்றார். வெள்ளிக்கிழமை எங்கும் போகாமல் அறையிலேயே செய்தித்தாளை விரித்து மிளகாயும் ரொட்டியும் தின்றோம். பிரோச்சி வந்து, அறைக்குள் சாப்பிடக் கூடாது, வாசனை நடைவழிவரை வருகிறது என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையிலும் நான்கு மிளகாயைக் கொடுத்து அனுப்பினார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கென்று அப்போது தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலில் காலுறையை மாட்டி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “எப்படித் தூங்குன?” என்றார். மூன்று நாளும் காலையில் இதையே கேட்டார். “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன்” என்றேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, அப்படியே சுவரில் சாய்ந்தார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்து, “போதும்யா, ரயிலுக்கு நேரமாச்சு” என்றேன். இதை நான் இரண்டு தடவை சொன்னேன். அதையும் எழுதுங்கள்.

நான் போட்ட கூச்சலில் பிரோச்சி ஓடி வந்தார். நடைவழியில் நின்று ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். “ரெண்டாவது மாடி, பதினேழாம் நம்பர், சீக்கிரம் வாங்க” என்று கத்தினார். தெளிவாகக் காதில் விழுந்தது. அந்த நேரம் நான் என் வீட்டுக்காரரின் மார்பை அழுத்திக்கொண்டிருந்ததால் நின்று கேட்கவில்லை.

அதன் பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, குறுகலான படியில் அவரை நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், இதயம் பல நாளாகவே கெட்டிருக்கிறது, எங்கே இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்றார். கிணற்றுப் படியைச் சொன்னேன். படியாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எங்கே இருந்திருந்தாலும் என்றால் எங்கே, எங்கள் வீட்டிலா, எங்கள் கட்டிலிலா என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அவருடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கால்சட்டை, பெல்ட், கைக்கடிகாரம், அவர் எப்போதும் வைத்திருக்கும் விரல் நீளத் திருப்புளி, ஒரு காலுறை, விடுதிச் சாவி. சாவியின் பித்தளைக் குண்டைத் திருப்பினேன். ஒன்று, ஏழு என்று வெட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக விடுதிக்கு வந்தேன். பிரோச்சி முன்கூடத்தில் இரண்டு விருந்தாளிகளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். சாவியை நீட்டி, “நானாச்சுன்னு சொன்னியே, இது என்ன?” என்று கேட்டேன். அவர் முதலில் உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. அதன் பிறகு அவர் சொன்னது: “அம்மா, நீங்க போன் வெச்சதும் நான் உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன், அந்த விலைக்கு வேற ரூம் இல்லன்னு. அவர் சிரிச்சாரு. பழைய எண் பலகை ஏதாவது கிடந்தா எடுத்து வைங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு. நீங்க கோயிலைப் பாக்கப் போனப்ப அவரேதான் மாட்டுனாரு. நான் பலகையை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.”

செத்தவர் வந்து இல்லை என்று சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் இந்த ஆள் பழியை அவர் தலையில் கட்டுகிறான் என்று நினைத்தேன். “பொணத்து மேலயாடா பழி போடுற?” என்று கேட்டு அடித்தேன். ஒரு தடவைதான் அடித்தேன். இரண்டாவது தடவை கையை ஓங்கியபோது காப்பி குடித்துக்கொண்டிருந்த பெண் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். பிரோச்சி மோசடி செய்தார் என்று புகார் எழுதச் சொன்னேன். கதவைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று என்னை மேலே கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினாறாம் எண் பலகையில் திருகாணிகள் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தன. பதினெட்டிலும் அப்படித்தான். எங்கள் கதவுப் பலகையில் மட்டும் இரண்டு திருகாணியின் பள்ளமும் நூல் பிடித்தது போல மேலும் கீழுமாக நேராக நின்றன. எங்கள் வீட்டில் எந்தச் சுவிட்ச் பலகையைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். கோணலாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பாதிரியார் வீட்டுக்குப் போன இடத்தில், அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்ச் பலகையின் திருகாணியை நேராக்கினார்.

நீங்கள் பலகையைக் கழற்றினீர்கள். அடியில் சாயம் மங்காத இடத்தில் பதினேழு இருந்தது. நான் நடைவழியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே என் புகாரைத் திருத்திக்கொள்கிறேன். எண்ணை மாற்றியது என் வீட்டுக்காரர். அந்த விஷயத்தில் பிரோச்சி பொய் சொல்லவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டால் வழக்கு இல்லாமல் முடித்துக்கொள்வார் என்று சொன்னீர்கள். கேட்க மாட்டேன். நான் ஒரு பயத்தைச் சொல்லி அவரிடம் போன் செய்தேன். சிரிக்க வேண்டும் என்றால் என்னிடம் சிரித்திருக்கலாம், முடியாது என்றால் முடியாது என்று சொல்லியிருக்கலாம், நான் கன்னியர் மடத்துக்குப் போயிருப்பேன். என்னிடம் சரி என்று சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரருக்குப் பலகை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிய அடியில் பாதி என் வீட்டுக்காரருக்குப் போக வேண்டியது. அந்தப் பாதிக்கு மட்டும் வருத்தப்படுகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த எண்தான் அவரைக் கொன்றதா என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. மூன்று ராத்திரி அதற்குள் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தலைமைக் காவலர் இதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னது போல எழுதியிருக்கிறார். அது ஒன்றைத் தவிர இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, நான் சொன்னது. யாரும் என்னை மிரட்டவில்லை.

(ஒப்பம்) தொனாத்தா சிரில்யானோ

(கையெழுத்திட்ட பிறகு, பேனாவைத் திருப்பித் தராமல் சொன்னது. அவர் கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்பட்டது.)

நுன்சீ, நீ இதை எங்கிட்ட மறைச்சே வெச்சிருக்க மாட்ட, உன்னால முடியாது, சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்ப, நான் செருப்பைக் கழட்டியிருப்பேன். எப்பச் சொல்றதா இருந்த? ரயில்லயா, வீடு போய்ச் சேர்ந்த பிறகா?