மாமாவின் காலில் நடந்த போட்டி

என் மாமனாருக்கு நான் ஒரு நாளும் சர்க்கரை போட்ட டீ கொடுத்ததில்லை. அக்கம்பக்கத்தில் வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் சார். மாத்திரை, சாப்பாடு, காலுக்குக் கட்டு எல்லாம் என் கைதான். என் வீட்டுக்காரர் டோமினிக்குக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. அவருக்கு அவருடைய அப்பாவைப் பார்க்க எங்கே நேரம்?

மாமா அருளானந்தம் பீங்கான் கம்பெனியில் அச்சுக்குக் களிமண் கூழ் ஊற்றுகிறவர். உடைந்த சில்லு ஒன்று பாதத்தில் ஏறியிருக்கிறது. சுகர் இருப்பதால் அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது நான்தான் ரத்தத்தைப் பார்த்தேன்.

புண் சீழ் வைத்தது. நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் இல்லையா, அந்தச் சீழைக் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்தேன். அதில் ஒரு பாக்டீரியா இருந்தது. அந்தப் பாக்டீரியாவையே கொல்லும் ஒரு வைரஸும் கூட இருந்தது. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது இரண்டு இழை முறுக்கிய கயிறு. முறுக்கைப் பிரித்தால்தான் நகல் எடுக்க முடியும். பிரிக்கிற நொதிக்கு ஹெலிகேஸ் என்று பெயர். இந்த வைரஸிடம் சொந்த ஹெலிகேஸ் கிடையாது. பாக்டீரியாவுடையதைப் பிடித்து இழுத்துவந்து தன் கயிற்றைப் பிரிக்க வைக்கும். பாக்டீரியா சும்மா இருக்குமா? பிடி கிடைக்காதபடி ஹெலிகேஸைச் சற்று மாற்றிக்கொள்ளும். வைரஸும் தன் பிடியை மாற்றிக்கொள்ளும். குடுவையில் வளர்த்தால் சீக்கிரமே ஏதாவது ஒன்று ஜெயித்துவிடும், ஆட்டம் முடிந்துவிடும். மாமாவின் காலில் மட்டும் அது ஓயவே இல்லை. உலகத்தில் வேறு யாரும் பார்த்திராத காட்சி அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து பாக்டீரியாவை அழித்துவிடும், அது போனால் வைரஸும் போய்விடும். அதனால் கேப்ஸ்யூலைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு அரிசி மாவை அடைத்தேன். மாவு யாரையும் கொல்லாது.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் மாமா கேட்டார்.

"ஏம்மா விமலா, நாளைக்குக் கோயில்ல சாமியாரு கால் கழுவுற பன்னெண்டு பேருல என்னயும் சேத்துருக்காங்க. போவட்டுமா?"

"வேணாம் மாமா. புண்ணு எல்லார் கண்ணுலயும் படும். அப்புறம் ஆளுக்கொரு டாக்டர சொல்லுவாங்க."

"அதுவும் சரிதான். நீதான் தெனமும் கழுவுறியே தாயி. அது போதும் எனக்கு." என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஈஸ்டர் கழிந்து வைரஸின் கை ஓங்கியது. சீழ் வற்றியது, ஓரத்தில் புதுச் சதை சிவப்பாக எழும்பியது. "வலிக்காமலே ஆறிப்போச்சு பாரு" என்று மாமா சின்னப்பிள்ளை போல மகிழ்ந்தார். எனக்குத்தான் கவலை. இத்தனை நாள் உழைப்பு வீணாகிவிடுமே. ஃபிரிட்ஜில் சேமித்து வைத்திருந்த பாக்டீரியாவை எடுத்துப் புதுச் சதையைக் கீறித் தடவினேன். அவருக்கு வலிக்கவில்லை. கீறும்போது ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு முறையும் என்றா சொன்னேன்? ஆமாம். புண் ஆறப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் செய்தேன்.

கால் கறுத்ததும் டோமினிக் பதறிப்போய்ப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்ததும் டோமினிக், "அப்பா எப்பிடி இருக்காங்க?" என்றார். அதே நேரத்தில் நான், "அந்தக் கால எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டின பெண்டாட்டியை அப்படிப் பார்க்கலாமா? எதற்குக் கால் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கிருமி ரத்தத்தில் ஏறி மாமா இறந்த செய்தி வந்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். அது நடிப்பு என்று டோமினிக் உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறார். அநியாயம் சார் அது. ஃபிரிட்ஜில் இருந்ததை எல்லாம் அவர் அதற்குள் சாக்கடையில் கொட்டிவிட்டார். மிச்சம் இருந்தது மாமாவின் உடம்பில் மட்டும்தான்.