ஏழாம் நம்பர் எக்கோ

இரவு எட்டே முக்கால். றக்வானைக்கு மேலே, கடைசி பஸ்ஸும் கீழே இறங்கிப் போன பிறகு, அந்த எஸ்டேட் ரோட்டில் ஒரே ஒரு வேன் ஏறிக்கொண்டிருந்தது. மழை விட்டு அரை மணி நேரம். இரண்டு பக்கமும் தேயிலை. ஒரு லைட் கம்பம் கூட இல்லை...

துஷ்யந்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். கரண்ட் வரும்போது வரட்டும். நடுவில் யாராவது போன் லைட்டை அடித்தால் கதையை அப்படியே விட்டுவிட்டு நான் படுக்கப் போய்விடுவேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் இது கண்ணால் பார்த்தது இல்லை. காதால் கேட்டது. கேட்டவன் என் சிநேகிதன் சுதாகரன். நடந்தது அவனுடைய மச்சான் அஜந்தனுக்கு. சுதாகரன் பொய் சொல்கிறவன் இல்லை, அதற்கு வேண்டிய மூளை அவனுக்குக் கிடையாது.

அஜந்தன் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறவன். சுதாகரன் அதே குழுவில் ரிதம் பேட் அடிக்கிறவன். அந்த இரவு மேல் டிவிசன் மாரியம்மன் கோயில் திருவிழா. கரகம் வந்து சேரும்போது தப்பு மேளத்தோடு சேர்ந்து இசைக்குழுவும் பாட வேண்டும், அந்தத் தோட்டத்தில் இப்போது அதுதான் பழக்கம். வேனில் மூன்றாவதாக இருந்தது தனுஜா, அஜந்தனின் தங்கச்சி. பத்தொன்பது வயது. அப்பா அம்மா இல்லை. சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவன் அஜந்தன்தான்.

அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக மைக் பிடிக்கப் போகிறாள். அவள் வர மாட்டேன் என்று அழுதாள்.

"மங்கை அக்கா பாடுன எடத்துல நான் எப்புடிண்ணே? எனக்குப் பயமா இருக்கு."

அவன்தான் சமாதானம் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தான்.

மங்கை அக்கா என்றால் மங்கையர்க்கரசி. பதினொரு வருடம் அந்தக் குழுவில் பாடியவர். ஆடி மாதம் கொழுந்து பறிக்கும்போது பாம்பு கடித்தது, இரத்தினபுரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்பே அவர் படுத்த பாய், குடித்த கோப்பை, கொழுந்துக் கூடை கூட லயத்து வீட்டை விட்டுப் போய்விட்டது. எரிக்க வேண்டியதை எரித்தார்கள், மிச்சத்தை ஆற்றில் விட்டார்கள். செத்தவர் பாவித்த சாமான் வீட்டில் தங்கக் கூடாது. நம் ஆட்கள் அதில் மட்டும் பிசக மாட்டார்கள்.

ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அஜந்தனின் கீபோட்டில், ஏழாம் நம்பரில்.

சொல்கிறேன், கேளுங்கள். பாடுகிறவரின் மைக்கை அவன் கீபோட்டின் பின்னால் செருகுவான். உள்ளே போன குரல் இரண்டு வழியாகப் பிரியும். ஒரு வழி நேராக ஸ்பீக்கருக்கு. மற்ற வழி எபெக்ட்டுக்குள் போய், சுற்றி, எக்கோவாகத் திரும்பி வந்து கலக்கும். எவ்வளவு குரலை அந்தச் சுற்று வழியில் அனுப்புவது, எவ்வளவு பிந்தித் திருப்புவது, எல்லாம் அவன் கையில். மங்கை அக்காவின் குரலுக்கு அதைச் சரிக்கட்ட அவனுக்கு ஆறு மாதம் பிடித்தது. நானூற்றெண்பது. ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் நானூற்றெண்பது துண்டு பிந்தி எக்கோ வரும். அதைத்தான் ஏழாம் நம்பரில் அவர் பெயரைப் போட்டுச் சேமித்து வைத்திருந்தான். ஏழாம் நம்பரை அமத்தினால் திரையில் 'மங்கை' என்று விழும்.

வேனில் வரும்போதே சுதாகரன் சொல்லியிருக்கிறான்.

"அத அழிச்சுட்டு புள்ளைக்குப் புதுசா ஒன்னு போடுங்க மச்சான். அது செத்தவங்களோடது."

"போங்க மச்சான். இது என்ன பாயா, கோப்பையா? வெறும் நம்பர்."

அப்படித்தான் சொன்னான். படித்த பையன்.

முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. தனுஜா நடுங்கிக்கொண்டே பாடினாள். அஜந்தன் ஏழாம் நம்பரை அமத்தினான். எக்கோ வந்தது... நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது அடியில் சுதாகரனின் கை பேட்டில் தடுமாறியது. தனுஜா அடியை வெட்டென்று முடிக்கிறாள். எக்கோ முடிக்கவில்லை. கீழே இழுத்து, குழைத்து, கடைசியில் தொண்டையில் ஒரு சின்னச் செருமலோடு நிறுத்துகிறது. மங்கை அக்காவின் செருமல். பதினொரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்குத் தெரியாதா?

அஜந்தனும் கேட்டான். சுற்று வழியில் போகும் குரலைப் பாதியாகக் குறைத்தான். எக்கோ குறையவில்லை. முழுதாகப் பூச்சியத்துக்கு இறக்கினான். அப்போதும் வந்தது. திரையைப் பார்த்தான். நானூற்றெண்பது இல்லை. முந்நூற்றறுபது.

அவன் கை வைக்கவே இல்லை.

திரும்ப நானூற்றெண்பதில் வைத்தான். கண்ணெதிரே முந்நூற்று நாற்பதாக இறங்கியது.

இரண்டாம் பாட்டுக்கு முன் தனுஜா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணே, மைக்ல ஓடிக்கொலோன் வாசம் அடிக்குது. மரண வீட்டு வாசம்."

அஜந்தன் அவளைப் பயப்படுத்தக் கூடாதே என்று, "யாரோ சென்ட் போட்டுட்டுப் புடிச்சிருப்பாங்க, நீ பாடும்மா" என்றான். அதைச் சொன்னதற்காக அவன் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

அந்த நேரம் பார்த்துக் கரகம் வந்துவிட்டது. தப்புச் சத்தம், சாம்பிராணிப் புகை, வேப்பிலை. கரகம் தூக்கியவருக்கு அருள் வந்து ஆடுகிறார். இன்னும் மூன்று பெண்களுக்கும் வந்துவிட்டது. அருள் இறங்கிப் பூசாரி எல்லாருக்கும் திருநீறு போடும்வரை பாட்டையோ தப்பையோ நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் ஆடுகிறவர் விழுந்துவிடுவார், தோட்டத்துக்கே ஆகாது. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனுஜா பாடிக்கொண்டே இருக்கிறாள். எக்கோ அவளை நெருங்கிக்கொண்டே வருகிறது. இருநூறு. நூற்றைம்பது. இருட்டில் யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரி என்றான் சுதாகரன்.

அஜந்தன் ஒரு கையால் வாசித்தபடியே மறு கையால் மைக் வயரைக் கீபோட்டிலிருந்து பிடுங்கினான். ஸ்பீக்கர்காரர் பளீல் நானாவிடம் நீட்டி, நேரே அவருடைய மிக்சரில் செருகச் சொன்னான். செருகினார். இனித் தனுஜாவின் குரல் கீபோட்டுக்குள் போக வழியே இல்லை. சுற்று வழியும் இல்லை, நேர் வழியும் இல்லை.

பளீல் நானா மிக்சரைப் பார்த்துவிட்டுக் குனிந்து அவன் காதில் சொன்னார்.

"தம்பி, ஒங்கட கீபோட் லைன்ல வேற யாரோ பாடுறாங்க. பாருங்க, லைட் ஏறி எறங்குது."

தொண்ணூறு. அறுபது.

கரண்ட் வயரைப் பிடுங்கிக் கீபோட்டை அணைத்துவிடலாம். கை அதற்குப் போய்விட்டது. பூசாரி புகைக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நிப்பாட்டாதே. கரகம் தூக்கியவர் கண் செருகிச் சுழல்கிறார். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் தங்கச்சி... அவன் பயந்துவிட்டான், ஐயோ பாவம். இன்னும் ஒரு அடிதானே, இன்னும் ஒரு அடிதானே என்று காத்திருந்தான்.

இருபது. பத்து.

பூச்சியம்.

இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. அப்படி ஒரு குரலைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்கிறான் சுதாகரன். தேன் மாதிரி. சனம் எல்லாம் கைகூப்பி நிற்கிறது, கிழவிகள் அழுகிறார்கள். அஜந்தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைனஸ் ஐந்து. அந்தக் கீபோட்டில் மைனஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது.

மைனஸ் நாற்பது.

இப்போது முதலில் ஸ்பீக்கர் பாடுகிறது. அதற்குப் பிறகு தனுஜாவின் வாய் அசைகிறது.

அவன் வயரைப் பிடுங்கினான். கீபோட் இருண்டது. கரகம் சாய்ந்தது, நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள், பூசாரி கெட்ட வார்த்தையில் ஏசினார். அவன் எதையும் கேட்கவில்லை. தனுஜாவிடம் ஓடினான். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்குப் போவம்ணே" என்று குரல் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து அவள் உதடு அசைந்தது. வீட்டுக்குப் போவம்ணே.

மறுநாள் அஜந்தன் ஏழாம் நம்பரை அழித்தான். போதாது என்று கீபோட்டையே கல்லில் அடித்து ஆற்றில் விட்டான். பூசாரி திருநீறு போட்டார், கயிறு கட்டினார். பெல்மதுளைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, களைப்பு என்றார். அவளும் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் கிழமை கண் சிமிட்டுகிற நேரம்தான் வித்தியாசம். காம்பரா அறைக்குள் குரல் கேட்கும், திரும்பிப் பார்த்தால் அப்போதுதான் அவள் பேசத் தொடங்குவாள். அடுத்த கிழமை ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். அதற்கடுத்தது, அஜந்தன் தண்ணீர்ப் பீலிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருகிற நேரம். "மழ வருது, துணிய எடுங்க" என்று குரல் கேட்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பிறகு மழை வரும், அவளும் வந்து அதே சொல்லைச் சொல்வாள். ஒரு எழுத்து மாறாது. கேட்டது ஒன்று கூட இதுவரை சொல்லப்படாமல் போனதில்லை.

இன்று காலை சுதாகரன் எனக்குப் போன் எடுத்தான். முந்தாநாள் இரவு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். தனுஜாவும் அவர்களோடுதான் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் யாரும் இல்லை. அங்கேயிருந்து அவள் குரல் கேட்டது. மெதுவாக, இழுத்து இழுத்து...

"அண்ணே, வெளக்கப் போடுங்க. எனக்குக் கண்ணு தெரியல. அண்ணே, மூச்சு அடைக்குது. கையப் புடிச்சுக்கங்கண்ணே."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "என்ன எல்லாரும் என்னையப் பாக்குறீங்க?" என்று சிரித்தாளாம்.

இரண்டு நாளாக அஜந்தன் தூங்கவில்லை. பகலிலும் விளக்கை எரியவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அவள் இன்னும் அதைச் சொல்லவில்லை.