டம்ளரின் அடியில் ஒரு புள்ளி

அவையை ஆளும் துணைவேந்தர் அவர்களே, அறிவைப் பகிர்ந்தளிக்கும் ஆசிரியப் பெருமக்களே, அரும்பாடுபட்டுப் பிள்ளைகளை இந்த வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த அன்னையரே, முன்வரிசையில் மரியாதைக்காக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் தப்பித்துப் போக வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் என் இளைய தோழர்களே, தோழியரே, உங்கள் அனைவருக்கும் ஒரு பாத்திரக் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பாத்திரம் விற்பவனுக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. எனக்கு அடுத்துப் பேசப்போகும் மருத்துவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். நான் எனக்குத் தெரியாமல் போனதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

தலையில் சுமந்து தெருத்தெருவாகப் பாத்திரம் விற்றவன் நான். இன்று மூன்று மாடிக் கடை. எது என்னை வளர்த்தது? இந்த விரல். ஒரு குடத்தைச் சுண்டினால் போதும். ஒட்டுப் போட்டதா, ஓட்டை விழுந்ததா, ஓசையே சொல்லிவிடும். பார்த்த பார்வையில் பழுதைக் கண்டுபிடிப்பவன் என்று சந்தையில் எனக்குப் பெயர். அந்தப் பெயர்தான் என் கண்ணைக் கட்டியது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் ஊசி இயந்திரம் பார்த்திருப்பீர்கள். பழுதான பாத்திரம் ஏதும் வந்தால் அந்த ஊசியால் அதன் அடியில் ஒரே ஒரு புள்ளி வைப்போம். வெளியாருக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரியும். புள்ளி இருந்தால், நல்ல சரக்கோடு சேர்க்காதே, தள்ளி வை என்று அர்த்தம்.

என் அக்கா மகன் படிப்பதற்காக என் வீட்டில் இருந்தான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. அங்கே என்ன, தலைகள் திரும்புகின்றன? தேடாதீர்கள். அவன் படித்தது இங்கே இல்லை.

கல்லூரி முகாமில் அவன் இரத்ததானம் செய்தான். மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பிரித்தேன். வீட்டுக்கு வருகிற எதையும் நான்தான் பிரிப்பேன், அது என் உரிமை என்று நினைத்திருந்தேன். கடிதத்தில் இரண்டே வரி. “உங்கள் இரத்த மாதிரி தொடர்பாகப் பேச வேண்டியுள்ளது. வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவமனையின் ஒன்பதாம் அறைக்கு நேரில் வரவும்.”

அந்த மருத்துவமனைக்கு வாளியும் தட்டும் கொடுத்தவன் நான். எந்த அறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் அறை, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் நடக்கிற அறை.

என்ன செய்திருக்க வேண்டும்? கடிதத்தை அவன் கையில் கொடுத்து, கூடப் போயிருக்க வேண்டும். என்ன செய்தேன்? கடிதத்தை என் சட்டைப் பையில் வைத்தேன். அவன் தண்ணீர் குடிக்கிற டம்ளரைக் கடைக்கு எடுத்துப்போனேன். அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தேன். என் குழந்தைகள் தவறிப்போய் அதை எடுத்துவிடக் கூடாதே. பயத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டினேன். பெயர் பொறிப்பதுதானே என் தொழில்.

புதன்கிழமை காலை. குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தவன், அப்படியே நின்றான். விடுமுறை நாட்களில் அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் புள்ளி வைத்தவன் அவன்.

“மாமா, இது நம்ம மெஷின் புள்ளிதானே?”

“எது?”

“விளையாடாதீங்க. பழுது சரக்குக்கு வைக்கிறது, என் டம்ளர்ல எதுக்கு?”

ஒன்றும் தெரியாத என் மனைவி குறுக்கே வந்தாள். “கடை டம்ளர் மாறி வந்திருக்கும். குடுடா, வேற தரேன்.”

“மாறல அத்தை. இந்த நசுங்கல் நான் வந்த புதுசுல கீழ போட்டது.”

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தை நீட்டினேன். அவன் உடனே படிக்கவில்லை. உறையின் ஓரத்தைப் பார்த்தான்.

“பிரிச்சிருக்கு.”

பிறகுதான் படித்தான். படித்துவிட்டு, டம்ளரைக் கழுவி, மற்ற டம்ளர்களிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. அவன் நண்பர்கள் விடுதியில் தேடினேன், நூலகத்தில் தேடினேன், அவன் போகிற கடைகளிலெல்லாம் தேடினேன். வீட்டுக்கு வந்தால், நடந்ததைத் தெரிந்துகொண்ட மனைவி வாசலிலேயே நிற்கிறாள். “ஊர்ல உள்ள பாத்திரத்தையெல்லாம் தட்டிப் பார்க்கத் தெரியுது. வீட்ல உள்ள பிள்ளை முகத்தைப் பார்க்கத் தெரியல. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவன் அங்க போகலேன்னா உங்க அக்காவுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவன் வகுப்புத் தோழன் அழைத்தான். தடித்த கண்ணாடி போட்டவன், எல்லாரும் ‘சோடாபுட்டி’ என்பார்கள். “அங்கிள், ஸ்டேஷன்ல இருக்கோம். ரொம்ப தூரத்துக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்கான். பதினொன்னே காலுக்கு வண்டி. வர்றதா இருந்தா உடனே வாங்க. திட்டுறதா இருந்தா வராதீங்க.”

ஓடினேன். மேம்பாலப் படிகள் ஏறி இறங்கி, கடைசி நடைமேடைக்குப் போகும்போது மூச்சு இல்லை. இருவரும் பெஞ்சில். அவன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வா, போகலாம்.”

“எங்க? குடோனுக்கா? பழுது சரக்கை அங்கதானே அடுக்குவீங்க?”

சோடாபுட்டி ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்தான், துடைக்காமல் நீட்டினான். என் அக்கா மகன் வாய் வைத்துக் குடித்தான். குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

“ஓடி வந்திருக்கீங்க. குடிங்க மாமா.”

நாம் அண்ணாந்து குடிக்கத் தெரிந்தவர்கள். உதடு படாமல் குடித்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவன் கண் என் உதட்டின் மேல் இருந்தது. ஒரு நொடி தயங்கினேன். அதை மறைக்க மாட்டேன். அந்த ஒரு நொடியில் அவன் ஊர்விட்டே போயிருப்பான். வாய் வைத்துக் குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

வண்டி வந்தது. நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அவன் டிக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வண்டி நகர்ந்தது.

“அந்த ரூம் எத்தனை மணி வரைக்கும்?”

“ஒரு மணி வரைக்கும்.”

“அப்ப நடங்க.”

ஒன்பதாம் அறை வாசலில் ஆலோசகர் அம்மா என்னை நிறுத்தினார். “நீங்க யாரு?”

“மாமா. இவனுக்கு எல்லாம் நான்தான்.”

“நல்லது. எல்லாமா இருந்துகிட்டே வெளியில உட்காருங்க.”

உட்கார்ந்தேன். அடுத்து என்னையும் தனியே கூப்பிட்டார். டம்ளர் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “டம்ளர்ல வராது ஐயா. தட்டுல, போர்வையில, கைகுலுக்கினா, கொசு கடிச்சா, எதுலயும் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவுல வரும். ஒருத்தர் குத்தின ஊசியை இன்னொருத்தர் குத்தினா வரும். தொற்று உள்ள இரத்தத்துல வரும். மருந்து எடுக்காத தாய்கிட்டேர்ந்து குழந்தைக்கு வரலாம். முதல் சோதனையில சந்தேகம்னா அது முடிவு இல்ல, மறுசோதனையிலதான் உறுதியாகும். தொற்றின புதுசுல சோதனையில தெரியாமலும் போகலாம், அதனால சொன்ன தேதிக்கு மறுபடி வரணும். இருக்குன்னே வச்சுக்கங்க. தினமும் மாத்திரை. விடாம எடுத்தா படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம். இரத்தத்துல கிருமியை எண்ணிப் பார்த்தா தெரியாத அளவுக்கு அடங்கியே இருந்தா உடலுறவுல அடுத்தவங்களுக்குப் பரவாது.”

என் இரத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். முடிவுக்காக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவன், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். யோக்கியனுக்கு என்ன பயம் என்று கேட்பவர் யாராக இருந்தாலும், ஒரு முறை அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.

இளையோரே, உடைத்துப் பேசுகிறேன். ஆணுறை. அதோ, சிரிப்பு. சிரியுங்கள், தவறில்லை. கடையில் போய்க் கேட்கும்போது மட்டும் குரல் கம்மாமல் இருந்தால் சரி. குடத்தைச் சுண்டினால் ஓசை வரும், மனிதனைச் சுண்டினால் என்ன வரும்? பளபளப்பைப் பார்த்துப் பழுதில்லை என்று சொல்ல முடியுமா? பழகிய முகம் என்று பரிசோதனையைத் தள்ள முடியுமா? முகத்தில் தெரியாது. முகவரியில் தெரியாது. படிப்பில் தெரியாது. பரிசோதனையில்தான் தெரியும்.

பின்வரிசைக்கு ஒரு தவிப்பு, எனக்குத் தெரிகிறது. அவன் முடிவு என்ன? அதைச் சொல்லாமல் இவர் இறங்கிவிடுவாரோ?

சொல்ல மாட்டேன். அவன் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, “பசிக்குது மாமா, வாங்க” என்றான். நான் கேட்கவில்லை. அவனாக, அவனுக்குத் தோன்றிய நாளில், என்னிடம் சொன்னான். அவன் கடிதத்தை ஒரு முறை பிரித்தவன் நான். இந்த மேடையில் இரண்டாம் முறை பிரிக்க மாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் தெரிந்துகொண்டால்தான் அவனை உங்கள் வீட்டில் உட்கார வைப்பீர்களா? அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீண்.

நேற்று அவனிடம் அனுமதி கேட்டேன். “பேசுங்க மாமா. என் பேரைச் சொல்லாதீங்க. டம்ளரை எடுத்துட்டுப் போங்க” என்றான். இதோ. அடியில் புள்ளி. அழிக்க இயந்திரம் இருக்கிறது, அழிக்கவில்லை. இப்போது இது என் டம்ளர். தினமும் இதில்தான் குடிக்கிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் பழுதாக இருந்தது நான்தான்.

இந்த அரங்கின் வலப்பக்க வாசலில் சோதனை அறை திறந்திருக்கிறது. கடிதங்களைப் பிரிக்கிற மாமா யாரும் அங்கே இல்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், சிரித்துக்கொண்டே கேட்ட இளையோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்கிற அந்த அன்னைக்கும் என் நன்றி. தொண்டை வறண்டுவிட்டது. இந்த டம்ளரில் யாராவது கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். வணக்கம்.