ஊதாத சங்கு

தலவாக்கலையில் நல்ல தேநீர் கிடைப்பது கஷ்டம், ஐயா. நல்லதெல்லாம் கப்பலேறிவிடும். நீங்கள் கொடுத்த இது பரவாயில்லை.

நான் தேயிலைத் தோட்ட அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து இந்த நாற்காலிக்கு வந்தவன். எங்கள் சனத்தின்மேல் எனக்குள்ள அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது.

எங்களிடம் இருப்பது ஒரே சர்வர். அதற்குள் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பெட்டியில் ஓடும். கண்டெய்னர் என்பார்கள். லயத்துக் காம்பராக்கள் மாதிரிதான். ஒரே கூரை, நடுவில் சுவர். ஒரு பெட்டி கொழுந்து நிறுக்கும் தராசுக்கு. இன்னொன்று மண்சரிவு எச்சரிக்கைக்கு. மலையில் பதித்த கருவிகள் மண் அசைவதாகச் சொன்னால் சங்கு ஊதும். அந்தப் பெட்டியைத் திறக்கும் கடவுச்சொல் அதைப் பொருத்தியவர்களிடம் மட்டும் இருந்தது.

இந்த மழைக்குச் சங்கு அடிக்கடி ஊதியது. ஊதும்போதெல்லாம் பெண்கள் கொழுந்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. தோட்டப் பங்களாவில் வாடகைக்குத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் பயந்துபோய் அறைகளைக் காலி செய்தார்கள்.

"கஜேந்திரன், இந்தச் சங்கோட வாய மூட ஒரு வழியும் இல்லையா?" என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்டார்.

அந்த வாரம்தான் என் உதவியாளர் பிரேமினி வந்து நின்றார்.

"சார், கண்டெய்னர் மென்பொருள்ல ஒரு ஓட்டை இருக்காம். ஒரு பெட்டிக்குள்ள இருக்கிறவங்க சுவரத் தாண்டி அடுத்ததுக்குப் போயிரலாம். திருத்தம் வந்திருச்சுங்க, போட்டுரவா?"

"தராசுப் பெட்டியிலருந்து சங்குப் பெட்டிக்கும் போகலாமா?"

"போகலாங்க. அதான் பயமா இருக்கு."

"இப்ப தராச நிறுத்த முடியாது. கொழுந்து குறையட்டும். அப்புறம் பார்ப்போம்," என்றேன்.

அவர் சொன்னது சரிதான். தராசுப் பெட்டியிலிருந்து சங்குப் பெட்டிக்குள் என்னால் போக முடிந்தது. உள்ளே ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். அதன்பின் கருவிகள் என்ன சொன்னாலும் சங்கு ஊதாது; திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும். துரை என் தோளில் தட்டிக்கொடுத்தார். பெண்கள் ஓட்டமில்லாமல் கொழுந்து பறித்தார்கள். நான் கொடுத்தது நிம்மதி.

பிறகு ஒரு காலை, மழை விட்டிருந்தது. லயத்து வாசலில் மீனம்மா கைப்பிள்ளையோடு நின்றார். பிள்ளை பெற்று வேலைக்குப் போகாமல் இருந்தவர்.

"அண்ணே, பின்னால மண்ணு சலசலங்குது. கோயிலுக்குப் போயிரவா?"

"சங்கு ஊதுனா போங்க தங்கச்சி. ஊதலன்னா பயமில்ல."

வேறென்ன சொல்வது? கருவியை நம்பச் சொன்னேன். அவர் அதைப் பக்கத்துக் காம்பராக்களுக்கும் சொல்லியிருக்கிறார். அதனால் யாரும் கிளம்பவில்லை. நான் அலுவலகத்தில் உட்கார்ந்த சற்று நேரத்தில் மலை லயத்தின்மேல் இறங்கியது.

மீனம்மாவையும் பிள்ளையையும் ஒன்றாகவே எடுத்தார்கள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் முன்னால் நின்றேன்.

யாரோ வெளியாள் அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிட்டதாகவும், தெரிந்தும் அடைக்காமல் விட்டது பிரேமினிதான் என்றும் துரையிடம் சொன்னேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் நேராக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்து, உள்ளே நுழைந்தது என் கணினியிலிருந்துதான் என்று காட்டியிருக்கிறார். கெட்டிக்காரி. நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். சங்கை அடைத்தது நான். மீனம்மாவை இருக்கச் சொன்னதும் நான். ஆனால் சுவரில் ஓட்டை விட்டது நானில்லையே, ஐயா. அந்தக் கண்டெய்னர் மென்பொருளை எழுதியவர்களை எப்போது கூப்பிடப் போகிறீர்கள்?