சந்தகை அழுத்த இரண்டு பேர்

உடுமலைப்பேட்டை பஸ்ஸில், இறங்கும் இடத்தை விட்டுவிடுவேனோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பண்டிகைப் பலகாரம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். மடியில் தேங்காய்க் கூடை வைத்திருந்தவள் கேட்டாள்:

“ஏனுங்க, சுளுவா ஒண்ணு சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரும் அவரு அண்ணனும் கெணத்துத் தண்ணிச் சண்டையில பேசி வருசமாச்சு. நோம்பிக்கு ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காரோணும்.”

“சந்தகை செஞ்சுபோடுங்க,” என்றாள் பக்கத்திலிருந்த மூக்குத்திக்காரி. வெந்த மாவை இடியாப்பம் போல அச்சில் பிழியும் பலகாரம் அது.

“அதுவா சுளுவு? அச்சை அழுத்தறதுக்குள்ள கை கழண்டு போயிருமே!”

“நீங்க ஏனுங்க அழுத்தறீங்க? பேசாத ரெண்டு பேரையும் புடிச்சு அழுத்த உடுங்க.”

எனக்குப் பகீரென்றது. அடிதடி ஆகிவிட்டால்?

“வெந்த மாவு ஆறிப்போனா அச்சுல எறங்காது. ரெண்டு பக்கமும் சேர்ந்து அழுத்தோணும். மொறைச்சுக்கிட்டு நிக்க நேரமேதுங்க? என்ற அண்ணனுங்க ரெண்டு பேரையும் அப்படித்தான் நிக்க வெச்சேன்.”

“பேசிக்கிட்டாங்களா?”

“எங்க! முதல் ஈடு முழுக்க ஊமையாட்டம் அழுத்தினாங்க. அடுத்த ஈட்டுல, ‘உன்ற பக்கம் சாயுதுடா’ன்னாரு பெரியவரு. ‘நீ மொதல்ல நேரா நில்லு’ன்னாரு சின்னவரு. அப்புறம் வாயே மூடல.”

கூடைக்காரி அவளைக் கும்பிட்டேவிட்டாள். எனக்கும் கைகள் தாமாகச் சேர்ந்தன.

“அவங்க பேசறதுக்குள்ள மாவு தீந்திருந்தா?” என்றாள் கூடைக்காரி.

“அதெப்படிங்க தீரும்? ஊருக்கே ஆவற மாவல்லோ ஆட்டி வெச்சிருந்தேன்!”